பதினோரு ரூபாய்த் தலைக்கட்டு

என் நைனாவை முதன்முதலில் திருடன் என்று சொன்னது அவர் பிறந்து வளர்ந்த குப்பம்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் இத்தனை காலம் கழித்தும் எனக்கு இப்படிப் பொங்காது. அறுபது வருஷம் கூடவே இருந்தவர்கள், அவர் வலையில் விழுந்த மீனைக் கடனுக்கு வாங்கித் தின்றவர்கள், ஒரு காலையில் கூடி நின்று சொன்னார்கள்.

விஷயம் புரிய வேண்டுமானால் எங்கள் ஊர் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்களில்தான் நன்றாக விழும். அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். காலையில் எழுந்தால் ‘இன்னிக்கு யாரு பாடு?’ என்பதுதான் ஊரில் முதல் பேச்சு. மனுஷன் படுகிற பாட்டுக்கும் மீன் படுகிற பாட்டுக்கும் ஒரே சொல்லாக வைத்தவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

பாடு எல்லாருக்கும் கிடைக்காது. தலைக்கட்டுக்கு மட்டும்தான். கல்யாணமான ஆம்பளை ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் வருஷா வருஷம் அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கட்டுவான். திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் சீட்டுப் போடுவார்கள். அந்த வருஷம் அவன் பாடு எந்த நாள், எந்த இடம் என்பது அந்தச் சீட்டில் இருக்கும். பொண்ணுக்குத் தலை உண்டு, தலைக்கட்டு கிடையாது. அறுபதுகளில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, டீச்சர் டிரெயினிங்கும் முடித்த ஒரே பொண்ணு நான்தான் அந்தக் குப்பத்தில். இருந்தாலும் தலைக்கட்டு கிடையாது. என்னைப் படிக்க வைத்தபோது நைனாவைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ‘பொண்ணு படிச்சி ஏரிக்கு கலெக்டர் ஆகப்போவுதா?’ என்பார்கள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மழைக்காலம் முடிந்து இறால் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், நைனா விடியற்காலையில் போய் வேறொருவர் பாட்டில் வலை கட்டிவிட்டார். பாட்டுக்குச் சொந்தக்காரன் போய்ப் பார்த்தால் இவர் கழியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். ‘இன்னிக்கு என் பாடு’ என்று சாதித்திருக்கிறார். எங்கள் ஊரில் அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்தால்கூட மன்னிப்பார்கள், அடுத்தவன் பாட்டில் கால் வைத்தால் மன்னிக்க மாட்டார்கள். ஊர் கூடியது. தண்டம் போட்டார்கள். என் அண்ணன் அதைக் கட்டினான். பத்து நாள் கழித்து மறுபடியும் போய் அதே வேலை. மூன்றாவது தடவை ‘திருடன்’ என்று ஒருவன் ஆரம்பித்தான், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நாற்பது வருஷமாக ஒரு நாள் பிசகாமல் முறை பார்த்த மனுஷன் ஏன் திடீரென்று இப்படிச் செய்கிறார் என்று அந்த ஊரில் ஒரே ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. கோபத்தில் உண்மையை மறைக்கக் கூடாது, எனக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டியில் டீச்சராக இருந்த நான் ஓடிப்போய் அவரைத்தான் திட்டினேன். “இன்னா நைனா, இந்த வயசுல இப்டி மானத்த வாங்கற?” என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, “அம்மா எங்க? சோறு எட்த்து வைக்கச் சொல்லு” என்றார். அம்மா செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. 

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார். ‘மூளை தேயற வியாதி. வயசானவங்க சில பேருக்கு வரும். மருந்து கிடையாது. பக்கத்துல ஆள் இருந்து பாத்துக்கங்க’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பாத்துக்கங்க! அந்த ஒரு வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். யார் பார்ப்பது, எந்த நேரத்தில் பார்ப்பது, பார்க்கிறவள் சம்பளத்துக்கு எங்கே போவது என்பதையெல்லாம் எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை.

டாக்டர் சொன்னதை ஊரில் சொன்னேன். இனி நைனா தண்ணீரில் இறங்கக் கூடாது, அவருக்குப் பதிலாக அண்ணன் வலை கட்டட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அண்ணனுக்கு ஏற்கெனவே தன் பாடு ஒன்று இருந்தது. இப்போது நைனா பாடும் சேர்ந்துகொண்டது. இறாலை ஏற்றிப்போக ஐஸ் பெட்டியோடு லாரிகள் வந்து நிற்க ஆரம்பித்த காலம் அது. வெளிநாட்டுக்குப் போகிறது என்றார்கள். கூடையில் கொட்டி விற்ற இறாலைத் தராசில் நிறுத்து வாங்கினார்கள். ஓலை வீடாக இருந்த அண்ணன் வீடு ஓட்டு வீடாயிற்று. நைனாவை மட்டும் என் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

எங்களுக்குக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் ஒற்றை அறையும் சமையல்கட்டும் வாடகைக்கு. என் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். காலை வண்டியைப் பிடித்தால் இருட்டித்தான் வருவார். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கும், நைனா இருக்க மாட்டார். ஏரியைத் தேடிப் போயிருப்பார். தண்டவாளத்தின் மேல் நடந்துகொண்டிருந்தவரை ஒரு தடவை கேங்மேன்கள் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னொரு தடவை எளாவூர் செக்போஸ்ட்டில், வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவில் புகுந்து, ‘இன்னிக்கு என் பாடு, வழிய வுடு’ என்று ஒவ்வொரு டிரைவரிடமும் சண்டை போட்டிருக்கிறார். அங்கே இருந்த ஒருவர் பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார். நான் போனபோது கால் இரண்டிலும் ரத்தம். அந்த மாதம் மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். தலைமை ஆசிரியர் மெமோ கொடுத்தார்.

அப்போதுதான் திருநின்றவூர்ப் பக்கம் ஒரு வயோதிகர் இல்லம் இருப்பதாகக் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி சொன்னாள். மாந்தோப்புக்குள் நீளமாக ஓர் ஓட்டுக் கட்டடம். வாசலில் ‘தர்ம ஸ்தாபனம்’ என்று பலகை. தர்மம்தான், ஆனால் மாதக் கட்டணம் உண்டு. மேட்ரன் அம்மா தெற்கத்திக்காரர், அதட்டிப் பேசமாட்டார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

“தானே சாப்பிடுவாரா?”

“சாப்பிடுவாரு.”

“தானே குளிப்பாரா?”

“குளிப்பாரு.”

“கக்கூஸ் போறது சொல்லுவாரா?”

“சொல்லுவாரு.”

மூன்றும் பொய். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் கட்டணம் ஏறும் என்று பலகையில் எழுதியிருந்ததை நான் உள்ளே வரும்போதே படித்துவிட்டேன். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் அறுபது ரூபாய். பக்கத்தில் ஆள் வேண்டும் என்றால் தொண்ணூறு. மனுஷனுக்கு எது எது போய்விட்டதோ அதற்கெல்லாம் விலை போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிற நான் முப்பது ரூபாய்க்காக மூன்று பொய் சொன்னேன். ஒரு வாரத்தில் அவர்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். இருந்தும் இரண்டு வருஷத்துக்கு மேல் மேட்ரன் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா மேல் எனக்கு எரிச்சலும் உண்டு, மரியாதையும் உண்டு.

மாதம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை பணம் கட்டப் போவேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து பேசின் பிரிட்ஜ், அங்கே இறங்கி அரக்கோணம் வண்டி. நைனாவுக்கு நகம் வெட்டியிருப்பார்கள், முகம் மழித்திருப்பார்கள். உடம்பில் நாற்றம் இருக்காது. என் வீட்டில் இருந்தபோது என்னால்கூட அவரை அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் அங்கே போனது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று தீபாவளிக்கு அவர் புதுச் சட்டை எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சொன்னதெல்லாம் ஊர்தான். ‘பெத்த அப்பன கொண்டுபோய் தர்ம சத்திரத்துல தள்ளிட்டா’ என்று பேச்சு. பொன்னேரி பஸ் நிலையத்தில் எங்கள் குப்பத்துப் பெண்கள் என்னைப் பார்த்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திருடன் என்று துரத்தியபோது அவர் அவர்களுக்குப் பெத்த அப்பனாகத் தெரியவில்லை. சத்திரத்துக்குப் போனதும் ஊருக்கே தகப்பனாகிவிட்டார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

“அண்ணா, நைனா பாட்டுல வர்றதுல பாதி குடு. எனக்குன்னு கேக்கல. இல்லத்துக்குக் கட்டணும்.”

“உன்ன யாரு அங்க சேக்கச் சொன்னது?” என்றான். “ஊட்ல வச்சிக்கினு ரெண்டு வாய் சோறு போட்டா தீந்துச்சு. உன்னால எனக்கு ஊர்ல தல காட்ட முடியல.”

“அப்டின்னா நீ வச்சிக்கோ. நாளைக்கே இட்டாறேன்.”

“இங்க வந்தா மறுபடி ஏரில எறங்குவாரு. ஊரு ஒத்துக்காது. சும்மா பேஜார் பண்ணாத தங்கச்சி.”

சொல்லிவிட்டுப் புது ஓட்டு வீட்டுக்குள் போய்விட்டான். நான் அங்கேயே நின்று கத்தினேன். அவன் பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது தலைக்கட்டு வரியில்தான். நைனா இல்லத்தில் சேர்ந்த முதல் வருஷம் ஆடி மாதம், ஊரில் வரி தண்டுகிற ஆள் கும்மிடிப்பூண்டிக்கே என் வீடு தேடி வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, “நைனா தலைக்கட்டு வரி, பதினோரு ரூவா” என்றார்.

“அண்ணன்கிட்ட கேக்கலியா சித்தப்பா?”

“கேட்டேன். நைனா தங்கச்சி பொறுப்புலதானே கீறாரு, அவளே கட்டட்டும்னுட்டான்.”

பாடு அண்ணனுக்கு, வரி எனக்கு! இருந்தாலும் கொடுத்தேன். வரி நின்றால் தலைக்கட்டு போய்விடும், நைனா ஊரில் இல்லாத ஆளாகிவிடுவார் என்று ஒரு பயம். இரண்டாவது வருஷமும் வந்தார், கொடுத்தேன். அண்ணன் நைனாவுக்குப் பதிலாகச் சீட்டு எடுத்தான், இறால் அள்ளினான். மூன்றாவது வருஷம் அவர் வந்து நின்றபோது என் கையில் இல்லத்திலிருந்து வந்த கடிதம் இருந்தது. ‘தங்கள் தகப்பனாருக்கு இனி எப்போதும் பக்கத்தில் ஆள் தேவைப்படுகிறது. அடுத்த மாதம் முதல் தொண்ணூறு ரூபாய் செலுத்த வேண்டும். இயலாவிட்டால் அழைத்துச் செல்லவும்.’ அழைத்துக்கொண்டு எங்கே போவது? தண்டவாளத்துக்கா, எளாவூர் ரோட்டுக்கா? தொண்ணூறு கொடுத்தால் வாடகை கொடுக்க முடியாது. வாடகை கொடுத்தால் நைனா வெளியே. அந்தச் சமயத்தில் வந்து பதினோரு ரூபாய் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

“வரி வாங்கத் தல கீது, பங்கு குடுக்க மட்டும் தல இல்லியா சித்தப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் பாவம், வாயில்லாப் பூச்சி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என்கிட்ட கேட்டு இன்னா பண்றது? தலைக்கட்டே நேர்ல வந்து சீட்டு எடுத்தா யாராலயும் மறுக்க முடியாது. அப்பால அவரு பாட்ட யாருக்கு வோணா பாதிப் பங்குக்குக் குடுக்கலாம். ஒடம்பு முடியாதவங்க குடுக்கறதுதான்” என்றார்.

அவர் போன பிறகும் அது என் காதில் நின்றது. நைனா தன் கையால் சீட்டு எடுத்துவிட்டால் போதும். பாதிப் பங்குக்கு வலை கட்ட ஊரில் நாலு பேர் கிடைப்பார்கள். வரும் பணத்தில் இல்லத்துக்குத் தாராளமாகக் கட்டலாம். பதினோரு ரூபாயை அந்த வருஷமும் கொடுத்தனுப்பியிருந்தேன். இந்தத் தடவை விவரமாகத்தான் கொடுத்தேன்.

சீட்டு எடுக்கிற நாளில் நைனாவை இல்லத்திலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். இரண்டு வண்டி, பிறகு பொன்னேரியிலிருந்து பஸ். ஏரியைப் பார்த்ததும் நைனா முகத்தில் ஏதாவது தெரியும் என்று ஆசையாக ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்றார். கொண்டுபோன பாட்டிலில் குடித்துவிட்டுச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார்.

கோயில் வாசலில் ஆம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சீட்டுகள் போட்ட பித்தளைக் குடம். பெண்கள் தள்ளி நின்றார்கள். நைனாவை வட்டத்துக்குள் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். ஒவ்வொரு தலைக்கட்டாகக் கூப்பிட்டார்கள், போய் எடுத்தார்கள். நைனா முறை வந்தது. ஊர்ப் பெரியவர் அண்ணனைத்தான் பார்த்தார், அண்ணனும் எழுந்தான்.

“பெரிப்பா, எங்க நைனா வந்துருக்காரு. அவர கூப்புடுங்க” என்றேன்.

“பொம்பள இன்னாத்துக்கு நடுவுல பேசுது?” என்று ஒரு குரல்.

“நான் பேசல. தலைக்கட்டு வந்து ஒக்காந்துருக்காரு. அவருக்கு வரி கட்டியாச்சு. கூப்புட்டா அவரு எடுப்பாரு.”

பெரியவர் யோசித்தார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. “பெரிப்பா, அவருக்கு புத்தி சுத்தமா இல்ல. வோணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க. பெத்த புள்ளையத் தெரிதான்னு கேளுங்க” என்றான்.

பெரியவர் நைனாவிடம் வந்து குந்தினார். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒன்றாக வலை இழுத்தவர்கள். அண்ணனைக் காட்டி, “இது யாரு, தெரிதா?” என்று கேட்டார். நைனா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு என்னைக் காட்டி, “இது யாரு?” என்றார்.

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “டீச்சரம்மா. டப்பு கட்ற அம்மா” என்றார்.

மாதாமாதம் நான் போகும்போது இல்லத்தில் இருந்த ஆயாம்மா அவரிடம் அப்படித்தான் சொல்வாள். ‘தாத்தா, டப்பு கட்ற டீச்சரம்மா வந்துட்டாங்க, எழுந்து ஒக்காருங்க’ என்பாள். அது அவர் மனசில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டம் சிரித்தது. பெண்கள்கூடச் சிரித்தார்கள்.  மகள் என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆத்தா, தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். நான் அவருக்குப் பணம் கட்டுகிறவள் மட்டும்தான் என்று தெரிந்தபோது வந்த வலியைப் பொய்யாகக் குறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நிற்காமல் போகப்போக வலி போய்க் கோபம் வந்தது.

“சிரிங்க, நல்லா சிரிங்க” என்றேன். “அவருக்கு யாரு டப்பு கட்றாங்கன்னு புத்தி இல்லாத அவருக்குத் தெரிஞ்சிருக்குது. புத்தி இருக்கற உங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல.”

சிரிப்பு அடங்கியது. பெரியவர் எழுந்து நின்று மண்ணைத் தட்டினார். புத்தி தெளிவில்லாதவன் தலைக்கட்டு ஆக முடியாது, அது ஊரின் பழைய கட்டுப்பாடு, இத்தனை நாள் விட்டுவைத்ததே தப்பு, இன்றோடு அந்தத் தலைக்கட்டைத் தள்ளிவிடுகிறோம் என்று சொன்னார். அண்ணன் மூச்சு விட்டான். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, “வா, போலாம்” என்றார். நான் உதறினேன்.

“சரி பெரிப்பா. தலைக்கட்டு இல்ல. அப்போ அவரு பாட்ட இனிமே யாரு கட்றது?”

“அவரு புள்ள…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

“அண்ணனுக்கு இன்னா ரெண்டு தலையா? ஒரு தலைக்கு ஒரு பாடுன்னுதானே கட்டு?”

இந்தத் தடவை கூட்டம் அண்ணனைப் பார்த்துச் சிரித்தது. ஒரு தலை குறைந்தால் மற்றவர்களுக்கு முறை சீக்கிரம் வரும் என்று எல்லாருக்கும் உடனே கணக்குத் தெரிந்துவிட்டது. ‘நாயம்தானே, நாயம்தானே’ என்று நாலு பக்கமும் குரல் வந்தது. நான் சொல்லும்போது பொம்பளைப் பேச்சாக இருந்தது, தங்களுக்கு லாபம் என்றதும் நியாயமாகிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவே இல்லை.

“இன்னொன்னு கீது” என்றேன். “மூணு வருஷமா புத்தி இல்லாத ஆளுகிட்ட தலைக்கட்டு வரி வாங்கிருக்கீங்க. திருப்பிக் குடுங்க.”

“சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேப்பியாம்மா?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவி.

“நான் சாமிக்குக் குடுக்கல. தலைக்குக் குடுத்தேன். தலையே இல்லன்னுட்டீங்க.”

 தண்டத்தையும் கேட்டேன். அதைக் கட்டியது அண்ணன், அவன் கேட்கட்டும் என்றார்கள். அவன் எங்கே கேட்பான்? “புத்தி இல்லாதவர்னா திருடனும் இல்லதானே? அதையாவது வாயத் தொறந்து சொல்லுங்க” என்றேன். ஆம்பளைகள் குடத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர் மட்டும் கோயில் பெட்டியைத் திறக்கச் சொல்லி முப்பத்து மூன்று ரூபாயை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தார். சித்தப்பா அதை என் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நைனா அதற்குள் யாரோ கொடுத்த சுண்டலைச் சட்டையெல்லாம் சிந்தித் தின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் குனிந்து அவர் மடியைத் தட்டிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே நைனாவை இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன். முப்பத்து மூன்று ரூபாயை மேட்ரன் அம்மா மேஜையில் வைத்தேன். எண்ணிப் பார்த்தார்.

“இது பதினோரு நாளுக்குத்தான் வரும்” என்றார்.

“தெரியும்.”

“மீதிப் பத்தொன்பது நாளுக்கு?”

காதில் கிடந்த கம்மலைக் கழற்றி விற்று அந்த மாதத்தைக் கட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்த்தார். நான் மாலையில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். ஆயுசு முழுக்க அந்த ஏரியில் உழைத்த மனுஷனுக்கு அவர் ஊர் கொடுத்தது பதினோரு நாள். அதுவும் நான் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுத்ததுதான்.

நைனா அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தார். ஒரு மாதம் ஒன்பதாம் தேதி காலையில், ஆயாம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். நான் அந்த மாதம் முழுக்கத் தொண்ணூறு ரூபாயும் கட்டியிருந்தேன். மீதி இருபத்தோரு நாள் பணத்தைத் திருப்பித் தர இல்லத்துச் சட்டத்தில் இடம் இல்லை என்று மேட்ரன் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊரையே கூட்டிவைத்து முப்பத்து மூன்று ரூபாய் வாங்கியவள் நான். அவரைக் கடைசி வரை குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவர்களிடம் எனக்கு ஒரு ரூபாய்கூடக் கேட்கத் தோன்றவில்லை.